டிரைவர் நல்லாத் தூங்கினாரா?

விமானத்துக்குள் துண்டு போட்டு இடம் பிடித்தவன் நான்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள் பிள்ளைகளா.

எங்கள் பக்கத்தில் பஸ் வந்து நின்றால் முதலில் ஏறுவது ஆள் இல்லை, துண்டுதான். ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டால் அந்த இடம் நம்முடையது. நாம் ஆற அமர ஏறிப் போகலாம், வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். துண்டுக்கு அவ்வளவு மரியாதை. நான் குன்னம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். விமானத்துக்குத் தந்த அட்டையில் ஏதோ நம்பர் இருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். பஸ் டிக்கெட்டிலும்தான் நம்பர் இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்று பேர் போனோம். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருவன் சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. இன்னொருவன் லாரி டிரைவர். இப்போது அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றி சிமெண்ட் ஆலையில் கொட்டுகிறான். அதற்கு முன்னால் பல வருஷம் வடக்கே போய் வந்தவன். பம்பாய்க்குப் போவோம் என்று கிளப்பிவிட்டதே அவன்தான்.

"பொழுதன்னிக்கும் டயரையே பாத்துட்டு உக்காந்திருக்கியேடா. ஒருவாட்டி மேல ஏறிப் பாரு. பாம்பே எனக்கு நம்ம ஊரு சந்த மாதிரி. நான் கூட்டிட்டுப் போறேன்."

வெங்காயம் அறுத்து, சேமித்து வைக்கிற பட்டறையில் போட்டாயிற்று, வெங்காயக்காரனுக்கும் வேலை இல்லை. கிளம்பிவிட்டோம். பறப்பதை நினைத்து எனக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. வெங்காயக்காரனுக்கும் உள்ளுக்குள் உதறல்தான், வாயால் பேசிப் பேசி மறைத்தான். லாரிக்காரன் ஒருவனுக்குத்தான் பயமே கிடையாது என்று நாங்கள் இருவரும் நம்பினோம்.

வெள்ளிக்கிழமை என்பதால் சிறுவாச்சூர் அம்மன் கோயிலில் நடை திறந்திருந்தது. இறங்கிக் கும்பிட்டோம். லாரிக்காரன் எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். திருச்சி ஏர்போர்ட்டில் பையைச் சோதித்த போலீஸ்காரர் அதை எடுத்து, "இது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"டயருக்கு அடியில வைக்க சார். புது வண்டி."

"விமானத்துக்கா?" என்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் பழத்தைத் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் அதை வைக்கச் சக்கரம் கண்ணில் படவே இல்லை. குழாய் மாதிரி ஒரு பாதைக்குள் நடக்க விட்டார்கள், நடந்தால் நேராக விமானத்தின் வயிற்றுக்குள் போய்விட்டோம். "என்னடா இது, வண்டியோட மூஞ்சியக்கூடப் பாக்க வுடல?" என்றான் லாரிக்காரன். அவன் குரல் இறங்கியிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. ஏனென்றால் முன் வரிசையில் மூன்று இடம் காலியாக இருந்தது. துண்டை வீசி மூன்றையும் பிடித்தேன்.

அங்கிருந்து பார்த்தால் விமானி அறையின் கதவு தெரிந்தது. லாரிக்காரன் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தான். அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்து நின்றார், பின்னால் அவர் வீட்டுக்காரர். அது தங்கள் சீட்டு என்று போனைக் காட்டினார்.

"துண்டு போட்டிருக்குங்க" என்றேன் நான்.

அந்த அம்மா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு விரலால் துண்டைத் தூக்கி, பக்கத்தில் நின்ற பணிப்பெண்ணிடம் கொடுத்தார். எனக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போல் இருந்தது. என் வயதுக்கு, துண்டை எடுத்து யாரும் கையில் கொடுத்ததில்லை. பணிப்பெண் தமிழ்ப் பெண்தான். எங்கள் அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒருவர் நடுவில், ஒருவர் அதற்கும் பின்னால், லாரிக்காரன் கடைசி வரிசையில் என்று பிரித்துவிட்டாள்.

"ஒண்ணா வந்தவங்களப் பிரிக்காத தங்கச்சி" என்று கெஞ்சிப் பார்த்தான் வெங்காயக்காரன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வெட்கத்தை லாரிக்காரன் மேல் இறக்கி வைத்தான்: "போடா, பின்னாடி போய்ப் படு. தூங்கிட்டே லாரியக் கவுத்தவனுக்குப் பின்னாடி சீட்டுதான் சரி."

அந்தப் பேச்சு எங்கள் ஊரில் புதிதில்லை. வாலிப வயதில் நாக்பூர் தாண்டி எங்கேயோ லாரி கவிழ்ந்து, கூடப் போன அவன் பெரியப்பா மகன் இறந்துபோனார். இவனுக்கு இடது கால் ஒடிந்து, இன்னமும் சாய்ந்துதான் நடக்கிறான். ஓட்டும்போது கண் அயர்ந்துவிட்டேன் என்று ஊருக்கு அவனே சொல்லியிருந்தான். யார் குத்திக் காட்டினாலும் முதலில் அவன்தான் சிரிப்பான். அதனால் நாங்களும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அவன் பையை வைத்துக் கொடுக்கலாமென்று கடைசி வரிசை வரைக்கும் போனேன். உட்கார்ந்தவன் உடனே எழுந்தான். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"நான் எறங்கிடறேன்டா. நீங்க போயிட்டு வாங்க."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். என் மணிக்கட்டை அவன் பிடித்த பிடியில் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. இருக்கையின் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, காதோடு சொன்னான்.

"அன்னிக்கு நான் ஓட்டலடா. அண்ணன்தான் ஓட்டுச்சு. நான் பின்னாடி படுத்திருந்தேன்."

நான் அவன் பக்கம் இன்னும் சாய்ந்தேன்.

"டீ குடிக்க நிறுத்தினப்பவே பாத்தேன், கண்ணு சொக்கிப் போயிருந்துச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேன். பெரியவரு, எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு, அவரப் பாத்து உனக்குத் தூக்கம் வருதுன்னு எப்படிடா சொல்றது? வாய மூடிட்டுப் பின்னாடி போய்ப் படுத்துட்டேன். முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி."

"அப்ப ஊருல ஏன்டா நீ ஓட்டினன்னு சொன்ன?"

"அண்ணி அழுதுட்டு இருந்துச்சு. உம்புருசன் தூங்கித்தான் செத்தாருன்னு அதுகிட்டப் போய்ச் சொல்லவா? அன்னியிலேருந்து எந்த வண்டியிலயும் நான் பின்னாடி உக்காந்ததில்ல. டிரைவர் கண்ணப் பாக்காம ஏறினதில்ல. இதுல பாக்கவே வுடலையேடா."

யோசித்துப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில்கூட அவன் டிரைவருக்குப் பக்கத்தில் போய்த்தான் நிற்பான். கல்யாண வேனில் முன் சீட்டுக்குச் சண்டை போடுவான். பந்தா பண்ணுகிறான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தோம். பறக்கிற பயம் போன இடம் தெரியவில்லை.

பணிப்பெண் வந்தாள். "ஐயா, உக்காந்து பெல்ட் போடுங்க. இறங்கணும்னா இப்பவே சொல்லிடுங்க, கதவ மூடப் போறோம்."

அவன் இறங்கினால் நாங்களும் இறங்கிவிட வேண்டியதுதான். அதைவிட, இன்று இறங்கினால் அவன் மிச்சக் காலத்துக்கும் இப்படியேதான் இருப்பான் என்று பட்டது. நான் எழுந்து கேட்டேன்: "தங்கச்சி, இவரு டிரைவர ஒருவாட்டி பாக்கணுமாம். கண்ண மட்டும் பாத்தாப் போதுமாம்."

"கேப்டன் நல்லா ஓய்வெடுத்துட்டுத்தான் வருவாருங்க. அது சட்டம்."

"நீ சொன்னா எப்படிம்மா?" என்றான் அவன். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு முன்னால் போனாள். திரும்பி வந்து, "சீக்கிரம் வாங்க" என்றாள். என் மணிக்கட்டை அவன் விடவில்லை, அதனால் நானும் போனேன். அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். வெங்காயக்காரன், "எங்கடா இழுத்துட்டுப் போறாங்க, எலுமிச்சம்பழத்துக்காடா?" என்று பதறினான்.

விமானி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர். நரைத்த தலையோடு ஒரு பெரியவர், பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற பெண் மாதிரி ஒருத்தி, தோளில் பட்டை. அவளும் ஓட்டுகிறவள் என்பது புரிய எனக்கு நேரமானது.

லாரிக்காரன் ரோட்டில் கற்ற இந்தியில் பெரியவரிடம் கேட்டான், நல்லாத் தூங்கினீங்களா என்று. அவர் சிரிக்க வாய் திறந்தவர் இவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இவன் நன்றாகப் பார்க்கும்படி முகத்தைக் கிட்டே கொண்டுவந்து காட்டினார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு லாரி டிரைவரிடம் கண்ணைக் காட்டியது இப்போதும் என் முன்னால் நிற்கிறது.

இவன் பார்த்தான், தலையாட்டினான். அதோடு வந்துவிடுவான் என்று நினைத்தேன். கூட ஓட்டுகிற அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

"அவருக்குக் கண்ணு சொக்குனா நீ என்னம்மா பண்ணுவ?"

பணிப்பெண் அதை எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவள் சொன்னதைப் பணிப்பெண் தமிழில் சொன்னாள்: "அவருகிட்டயே சொல்லிட்டு, வண்டிய நான் வாங்கிக்குவேன்னு சொல்றாங்க."

"பெரியவரும்மா அவரு. மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா?"

பணிப்பெண் அதையும் எடுத்துச் சொல்ல, பெரியவரே பதில் சொன்னார். சொல்லாவிட்டால்தான் அவள் மேல் தப்பு என்றார்.

லாரிக்காரன் என் மணிக்கட்டை எப்போது விட்டான் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டான். அவள் பயந்துபோய் எழப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் அவன் பக்கத்தில் இருந்த ஐயா தன் இடத்தை எனக்குத் தந்தார். விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி, பூமி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கழுத்தை நீட்டி, மூடிய முன்கதவையே பார்த்தபடி வந்தான். ஆனால் உட்கார்ந்திருந்தான்.

பம்பாயைப் பற்றி என்ன சொல்வது? வாயைப் பிளந்தபடி சுற்றினேன். கழுத்து வலிக்க வலிக்கக் கட்டிடம். மின்சார ரயிலின் வாசலில் தொங்கிக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள். ஒரு கடையில் வெங்காயக்காரன் சின்ன வெங்காயத்தைக் கையில் எடுத்து, மேல்தோலைத் தேய்த்து, "இது நம்ம மண்ணுடா" என்று நின்றுவிட்டான். லாரிக்காரன் ஒவ்வொரு டாக்சியிலும் குனிந்து ஓட்டுகிறவர் கண்ணைப் பார்த்தான். சிலதை அனுப்பிவிட்டான்.

"தூங்கி விழுந்தவன்தான் மத்தவன் தூக்கத்தக் கண்டுபுடிப்பான் போல" என்றான் வெங்காயக்காரன், கடற்கரையில் வைத்து. இந்த முறை லாரிக்காரன் சிரிக்கவில்லை. எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொன்னான். கேட்டவன் எழுந்து, முழங்கால் தண்ணீரில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றான். பேன்ட் நனைவதைக்கூடப் பார்க்கவில்லை.

இதை நான் எழுதலாமா என்று லாரிக்காரனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால், ஊர் திரும்பியதும், அவனே அண்ணி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தான். அண்ணி என்ன சொன்னார் என்று எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "பேரு மட்டும் யாரோடதும் போடாத" என்றான்.

திரும்பும்போதும் விமானம்தான். அவன் வரமாட்டான் என்று நாங்கள் பயந்தோம், வந்தான். திருச்சியில் இறங்கியதும் வெங்காயக்காரனின் தாய்மாமன் வேனோடு காத்திருந்தார். அந்தப் பக்கத்தில் பேர் பெற்ற டிரைவர், எங்களைவிட மூத்தவர். முந்தின நாள்தான் கல்யாண ஆட்களை ராமேஸ்வரம் கூட்டிப்போய்த் திரும்பியிருந்தார். மத்தியான வெயில், வயிறு நிறையப் பிரியாணி. சமயபுரம் தாண்டியதும் முன் சீட்டில் இருந்த லாரிக்காரன் அவரையே பார்க்க ஆரம்பித்தான்.

"மாமா, வண்டிய ஓரங்கட்டுங்க."

"எதுக்கு மாப்ள?"

"உங்களுக்குத் தூக்கம் வருது. நான் ஓட்டறேன்."

மாமாவுக்கு முகம் சிவந்தது. "எனக்கா? நீ டவுசர் போட்டுத் திரியறப்பவே நான் ஸ்டியரிங் புடிச்சவன். லாரியக் கவுத்த பய, நீ எனக்குச் சொல்றியா?"

லாரிக்காரன் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து வெங்காயக்காரன்தான் கத்தினான், குரல் உடைந்துபோய்: "மாமா, அவன் சொல்றதக் கேளுங்க. எறங்குங்க மாமா!"

சொந்த மருமகனே கத்துவான் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தி, சாவியைச் சீட்டில் எறிந்துவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. பாடாலூர் வருவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். எங்கள் மூவரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மாமா இன்றுவரை லாரிக்காரனோடு பேசுவதில்லை. பேத்திக்குக் காது குத்தினார், ஊரையே கூப்பிட்டார், அவனைக் கூப்பிடவில்லை. போன வாரம் அவன் என் கடைக்கு வந்திருந்தபோது, வருத்தமா இருக்காடா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்டா. உசுரோட இருக்காருல்ல, கோவமாவே இருக்கட்டும்" என்றான். சொல்லிவிட்டு, காற்றடித்து வைத்திருந்த ஸ்டெப்னி டயரை லாரி நிற்கிற இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனான்.