கோமாரி வந்த வீட்டு மருமகள்

இசைவாணியை உயிரோடு நான் பார்த்தது இரண்டே முறை. மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. மாடு காலை வைக்கும் விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டு திரியும் கால்நடை ஆய்வாளன் நான். பெயர் தேவசகாயம். கோபக்காரன் என்று கம்மாபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவள் காடாம்புலியூர்க்காரி. ஆறாம் வகுப்பில் காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் படுத்தாள். காய்ச்சல் போனபோது இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி என்று கடலூரில் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியில் மற்ற பிள்ளைகள் ஓடி விளையாட, இவள் அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். கல்யாணப் பேச்சு வந்ததும் ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஊசி போடுகிற பெண் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்ற பயம். அவளைப் பெற்றவர்களைத் திட்ட வாய் வருகிறது. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

கணவன் கார்த்திகேசனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. மாதம் ஒருமுறை வருவான். வீட்டில் மாமனார் சுப்பராயலுவும் நான்கு கறவை மாடுகளும். மாமனாருக்கு முழங்கால் மடங்காது. அதனால் மாடுகள் அவள் பொறுப்பு.

உண்டாகி ஏழாம் மாதம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பிள்ளை மேலே ஏறி நிற்கிறது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம் என்றார்கள் தெருப் பெண்கள். அவளுக்குச் சந்தேகம். தனியாகப் பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் பழைய கதையைச் சொன்னாள். அவர் அவளை வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு நாடியைப் பார்த்தார்.

"மாசமா இருக்கறப்ப ரத்தம் ஒண்ணரை மடங்கா ஆவும்மா. நல்ல இதயம் சமாளிச்சுக்கும், நடந்தாலும் வேலை செஞ்சாலும் நல்லதுதான். உனக்கு வழி குறுகல். நீ ஓடியாடினா துடிப்பு ஜாஸ்தியாவும், ரத்தம் தாண்டிப் போவ முடியாம நுரையீரல்ல நீர் கட்டிடும். குடம் தூக்காத. செவ்வாக்கெழம ஸ்கேன் பார்த்துட்டு சேர்த்துக்கறேன். தவறக்கூடாது."

சனிக்கிழமை காலை, செவலைப் பசு ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைப்பதை அவள்தான் முதலில் கண்டாள். எனக்கு போன் செய்தவளும் அவளே. போய்ப் பார்த்தேன், கோமாரி. வாயில் நூல் நூலாக எச்சில், குளம்பின் நடுவே வெடித்த புண். இந்த நோய் ஆட்களின் காலோடும் செருப்போடும் பரவும். முந்தின வருஷம் பக்கத்து ஊரில் ஒருவர் நோய் மாட்டைத் தொட்ட கையோடு ஊர் சுற்றி, ஒரு தெரு மாட்டையே படுக்க வைத்திருந்தார். அந்த எரிச்சலில் கத்தினேன்.

"பத்து நாளைக்கு இந்த வீட்டு ஆளுங்க வாசப்படி தாண்டக்கூடாது."

"சார், எனக்கு மட்டும் செவ்வாக்கெழம..." என்று ஆரம்பித்தாள்.

"உனக்குத் தனிச் சட்டமாம்மா? ஊரு மாடெல்லாம் சாவணுமா?"

என்ன செவ்வாய்க்கிழமை என்று நான் கேட்கவில்லை. கால் கழுவி, வேறு செருப்பு மாட்டிக்கொண்டு அவள் சிதம்பரம் போயிருந்தால் எந்த மாட்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வேறு கொட்டகைக்குப் போகாதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்தப் பக்கத்திலோ, கோமாரி என்றால் வாசலில் வேப்பிலை கட்டி அம்மை கண்ட வீடாகத்தான் நடத்துவார்கள். மீறினால் தெய்வக்குத்தம்.

கார்த்திகேசனும் போனில் அதையே சொன்னான். "நம்மால எவன் மாட்டுக்காச்சும் வந்துச்சுன்னா ஊர்ல தலைகாட்ட முடியாது. அடுத்த வாரம் போயிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை போய்விட்டது. மூன்று வேளையும் நான்கு மாட்டின் கால்களையும் பர்மாங்கனேட் தண்ணீரில் கழுவி, குப்பைமேனியும் பூண்டும் மஞ்சளும் நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவ வேண்டும். அதையும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். வேளைக்குப் பதினாறு கால். தண்ணீர் கொல்லை அடிபம்பிலிருந்து வர வேண்டும்.

ஐந்தாம் நாள் போனேன். மாட்டுப் புண் காயத் தொடங்கியிருந்தது. இசைவாணியின் பாதங்கள் வீங்கி, கொலுசு சதையில் புதைந்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, மாட்டின் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

"ராத்திரில படுக்க மாட்டேங்குது சார், உக்காந்தே தூங்குது" என்றார் சுப்பராயலு.

"மாசம் ஏறுதில்ல, அப்படித்தான் இருக்கும்" என்றேன். மாட்டு ஆஸ்பத்திரிக்காரன் சொன்ன வைத்தியம்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வாளியோடு சாய்ந்தாள். சுப்பராயலு ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"சார், மருமவளுக்கும் கோமாரி ஒட்டிக்கிச்சு. வாயில செவப்பா நுரை தள்ளுது. மாட்டுக்குப் போட்ட அந்த ஊசிய எடுத்துக்கிட்டு வாங்க சார்."

நான்தான் 108-ஐ அழைத்தேன். விருத்தாசலம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளையும் போய்விட்டது.

மறுநாள் எடுத்தார்கள். பத்தாம் நாள் முடியாததால் ஊர்ச் சனம் தெருவிலேயே நின்றது. கார்த்திகேசன் டாக்டரம்மாவின் சீட்டை என்னிடம் நீட்டினான். செவ்வாய்க்கிழமை என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. கொல்லையில் நான்கு மாடுகளும் கால் ஊன்றி நின்று தீனி தின்றுகொண்டிருந்தன. என் வாழ்நாளில் மாடுகளை அப்படி வெறுத்ததில்லை.

சுப்பராயலு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நீங்க சொன்னாப்பல வாசப்படி தாண்டவே இல்ல சார் அது. தெருவுல ஒரு மாட்டுக்குக்கூட வரல. ரொம்ப நன்றி சார்."