சிவசக்தி கேட்ட ஒரு கேள்வி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த சிவசக்தி, பதுளையில் ரயில் பாதைக்கு மேலே இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் உதவியாளராக இருந்தாள். கடுங்குளிரில் மின்சாரத்தைச் சிறிதும் தடுக்காத பொருள் மீக்கடத்தி. அதில் இரண்டு துண்டுகளை மயிரிழையைவிட மெல்லிய தடுப்போடு இணைத்தால் அது ஒரு சந்தி. திரவ நைதரசனில் முக்கிவிட்டால், மிகச் சிறிய காந்த அசைவையும் அது காட்டிக்கொடுக்கும். நூற்றுக்கும் மேல் பாழான பிறகே அவள் கையில் ஒன்று சரிவந்தது.

அதை வைத்து எழுதிய கட்டுரையில் ஆய்வுகூடத்தை நடத்திய கலாநிதி ரஜீவின் பெயர் மட்டும் இருந்தது.

"சார், என் பேரு?"

"லயத்துல இருந்து லேப் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம். பேரெல்லாம் பிறகு பாக்கலாம்."

அன்றைக்கு அவள் அழவில்லை. கட்டுரையை வரிவரியாகப் படித்தாள். தினமும் காலையில் வரைபடத்தில் எழும் ஓர் அலையை, மலைக்குள் ஓடும் நீரின் அடையாளம் என்று ரஜீவ் எழுதியிருந்தார். உண்மையில் அது கீழே போகும் ரயில் எஞ்சினின் இரும்பு எழுப்பிய அலை. ரயில் வேலைநிறுத்தம் நடந்த மூன்று நாளும் கோடு தட்டையாகவே இருந்ததைக் கண்டு, தன் கொப்பியில் குறித்திருந்தாள். அந்தக் கொப்பி அவர் மேசையிலேயே கிடந்தது. அவர் திறக்கவில்லை.

"போய்ச் சொல்லுடி," என்றாள் கூட வேலை செய்த ஷம்ரா.

"சொல்ல மாட்டேன். கொழும்புல பெரிய கூட்டத்துல பேசப் போறாரு இல்ல? நல்லா ஏறட்டும். உசரத்துல இருந்து விழுந்தாத்தான் வலிக்கும்."

நான்கு மாதம் காத்திருந்தாள். தினமும் "குட் மோர்னிங் சார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு தனக்கே இனித்தது என்று பிறகு ஷம்ராவிடம் சொன்னாள்.

கொழும்பில் ரஜீவ் பேசி முடித்துக் கைதட்டல் ஓய்ந்ததும், உதவியாளராகக் கூட வந்திருந்த சிவசக்தி எழுந்தாள். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டாள்: "ரயில் வேலைநிறுத்த நாட்களிலும் இந்த அலை வந்ததா?"

ரஜீவ் தண்ணீர் குடித்தார். "அந்தத் தரவு... பார்க்க வேண்டும்."

"நான் கொண்டுவந்திருக்கிறேன்."

அந்த மூன்று நாளின் தட்டைக் கோடுகளையும் கூட்டத் தலைவரிடம் நீட்டினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அரங்கமே சிரித்தது.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆராய்ச்சி நிதி நின்றது, கூடம் பூட்டப்பட்டது. அவள் வேலையும் அதோடு போனது.

"உன் சந்தியும் உள்ளதானே பூட்டிக் கிடக்கு?" என்று ஷம்ரா வருந்தினாள்.

"கிடக்கட்டும்," என்றாள் சிவசக்தி. ஆனால் அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறியது.

இப்போது லுணுகலையில் பௌதிகவியல் வகுப்பு எடுக்கிறாள். போன மாதம் பெரகலயில் பஸ்ஸுக்கு நின்றபோது, தேநீர்க் கடையில் ரஜீவ் இருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். அவள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குள் போய், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"சுகமா இருக்கீங்களா சார்?"

அவள் ஒரு பிளேன்டீ சொல்லி, கடைசி மிடறு வரை மெதுவாகக் குடித்தாள்.