தெர்மாகோலைத் தின்ற பெட்ரோல்

காரைக்குடிக்குக் கடல் கிடையாது. அங்கேதான் நான் ஃபைபர் படகு கட்டும் பட்டறை போட்டேன். அச்சு நானே செய்தேன், கொட்டகையும் நானே போட்டேன். பேங்க்காரர்கள் கையை விரித்தார்கள், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று தொண்டிப் பக்கம் கவிழ்ந்தாலும் முழுகாத படகு என்றால் அது என் படகுதான். முழுகாமல் காப்பது உள்ளே அடைக்கிற ஃபோம். எது ஆகும், எது ஆகாது என்று எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லவில்லை. பத்து வயதில் நானே கண்டுபிடித்தேன்.

அந்த வருடம் என் தாய்மாமா ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. உழுது பிழைத்த குடும்பம், இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் யாரும் இறங்கியதில்லை. அதனால் பிளைவுட்டில் ஒரு படகு செய்து, பின்பக்கம் சின்ன பெட்ரோல் இன்ஜின் வைத்தார். தண்ணீர் ஏறினாலும் மிதக்க வேண்டுமே என்று, கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சீராக வந்த டிவிப் பெட்டிகளின் தெர்மாகோலை வாங்கிவந்து முன்னும் பின்னும் அடைத்து, பலகையால் மூடி ஆணி அடித்தார்.

மிஞ்சிய தெர்மாகோல் துண்டு ஒன்று, பெட்ரோல் சிந்திய தகரத்தில் விழுந்ததை நான் பார்த்தேன். டீயில் போட்ட சர்க்கரையாகக் காணாமல் போனது. இன்ஜின் டாங்கியோ தெர்மாகோலை மூடிய பின்பலகை மேல் சொட்டிக்கொண்டே இருந்தது.

“மாமா, பெட்ரோலு தெர்மாகோலத் திங்குது.”

“ஒன்னைய மாதிரியே கண்டதையும் திங்குதாக்கும்? போடா அங்குட்டு!”

படகை இறக்கும் நாள். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தியாயிற்று. அதற்குப் பிறகு, ஏற்கெனவே அடித்த ஆணியைப் பிடுங்கினால் ஆகாது என்பது ஊர் நினைப்பு. கரை நிறைய ஜனம். நான் படகுக்குள் ஏறி அந்தப் பின்பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். திறந்து பார்க்காமல் இறங்க மாட்டேன் என்றேன். அப்பா குச்சியோடு வந்தார். இரண்டு அடி விழுந்தது. இறங்கவில்லை.

அத்தைதான், மாமாவின் மனைவி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“நீச்சத் தெரியாமத்தானே போறீக? தொறந்து பாத்துட்டுப் போனா என்ன கொறைஞ்சு போகும்? சகுனமா வந்து ஒங்களத் தூக்கிவிடும்?”

ஆணியைப் பிடுங்கினார்கள். உள்ளே பாதி இல்லை. அடியில் பலாப்பால் மாதிரி ஒரு பிசின், குப்பென்று பெட்ரோல் நாற்றம். மாமா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பழைய இரும்புக்கடையில் கிடந்த ஃபிரிட்ஜ் கதவை உடைத்து உள்ளே இருந்த மஞ்சள் ஃபோமை எடுத்ததும் நான்தான். ஒரு துண்டைப் பெட்ரோலில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தேன். அசையவில்லை. அதையே அடைத்தோம். படகு ஓடியது.

அதற்குள் கதை மாறிவிட்டது. “எனக்கு முன்னமே சந்தேகந்தேன், அதேன் தொறந்தேன்” என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். அவர் பிடித்த கெண்டையில் ஒரு துண்டுகூட நான் வாயில் வைக்கவில்லை.

அறுத்த மஞ்சள் ஃபோம் மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கும், மேலே தண்ணீர் புகாத ரெசின் பூசியே வைக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அது பட்டறையில் தெரிந்தது. இன்னொன்று அதைவிடத் தாமதமாகத் தெரிந்தது. ஊர் முன்னால் வெலவெலத்துப்போன மனிதர், நீச்சல் தெரியாமல் மறுபடியும் அதே படகில் ஏற வேண்டியிருந்தது. எல்லாம் தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொள்ளாமல் அவரால் ஏறியிருக்க முடியாது. பத்து வயதில் அதைத் திருட்டு என்றுதான் நினைத்தேன்.

புரிந்துவிட்டது, சரி. அதற்காக விட்டுவிட வேண்டுமா? மாமா போய்ச் சேர்ந்தார். அவர் பிள்ளைகள் இன்றும் விசேஷ வீடுகளில் “எங்கப்பா கண்டுபிடிச்சது” என்கிறார்கள். தாராளமாகப் பேசுங்கள், மாப்பிள்ளைகளே. திறக்க வைத்த பெருமையில் பாதி உங்கள் அம்மாவுக்கு; அதை நான் மறுக்கவில்லை. மீதிப் பாதியும் அந்த மஞ்சள் ஃபோமும் என்னுடையவை. இனி அந்தக் கதையைச் சொல்வதானால் என் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.