எமன் பக்கம் சாய்ந்த எழுத்து

திருப்பதியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் வேலை தேவசேனாவுக்கு. வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். வேலை முடிந்த நேரங்களில் தனக்கென்று, வலப்பக்கம் சாய்ந்த ஒரு இட்டாலிக் எழுத்து வரைந்துகொண்டிருந்தாள். ஆங்கில எழுத்துதான். நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளினால் இட்டாலிக் ஆகிவிடாது என்பாள். முனைகளில் சின்னக் கொக்கி வேண்டும், உடம்பு ஒரே ஓட்டமாக வளைய வேண்டும். அவளுடைய 'கே' எழுத்து, புடவைக் கொசுவத்தை லேசாகத் தூக்கிப் பிடித்து நடக்கிறவளைப் போல ஒரு காலை முன்னால் நீட்டியிருக்கும். இரண்டு மூன்று வார்த்தைக்கு, அதுவும் பெரிதாக வைத்தால் அழகு. போன் நம்பருக்கும் மருந்துக் கடைக்கும் ஆகாது.

அந்த எழுத்தை ஒரு தடவையாவது ரோட்டில், கடை போர்டில் பார்த்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

சித்தூரில் 'கன்னிகா சில்க்ஸ்' திறக்கவிருந்த வேங்கடாசலம் பார்த்த உடனே சரி என்றார். போர்டும் தயாரானது. மாட்டப் போகிற அன்றைக்குத்தான் வாஸ்து பார்க்கிற சுரேஷ்பாபு செல்போனில் திசை பார்த்துக்கொண்டே வந்தார்.

"கடை மேற்குப் பார்த்தது. எதிர்ல நின்னு படிக்கிறவனுக்கு வலது கை தெக்கு. எழுத்தெல்லாம் எமன் மடியில சாஞ்சிக்கினு இருக்குது."

"சாயலீங்க சார், நடந்துக்கினு இருக்குது," என்றாள் தேவசேனா.

"எங்க நடக்குது? தெக்கால."

வேங்கடாசலத்துக்கு வியர்த்துவிட்டது. "அந்தாண்ட சாய்ச்சிடேன்மா."

"பின்னால விழற மாதிரி இருக்கும்ங்க."

"விழட்டும். வடக்கால குபேரன் மேலதானே விழுது?"

தேவசேனா சுரேஷ்பாபுவின் போனை வாங்கிக்கொண்டு கடைக்குள் போனாள். உள்ளே நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வலது கைப் பக்கம் வடக்கு. உள்பக்கம் மாட்டினால் எழுத்து வடக்கே நடக்கும் என்று வந்து சொன்னாள். சுரேஷ்பாபு தானும் போய்த் திரும்பி நின்று பார்த்தார். "பாகுந்தி, நல்லா இருக்குது. நேரா குபேரன் வூட்டுக்குப் போவுது."

ஆக, போர்டு கடைக்குள்ளே, வாசலுக்கு மேலே, உள்பக்கம் பார்த்து ஏறியது. ரோட்டுக்குச் சாதா நேர் எழுத்து. உள்ளே இருப்பவர்கள் போர்டைப் பார்க்காமல் போய்விடக் கூடாதென்று வேங்கடாசலம் புடவை காட்டும் மெத்தையையும் திருப்பிப் போட்டார். எல்லோரும் வாசலைப் பார்த்தே புடவை எடுத்தார்கள். ரோட்டில் போகிறவர்கள், யாரோ வரப்போகிறார்கள் என்று தாங்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவசேனா ரோட்டில் நின்று அந்த நேர் எழுத்தைப் பார்த்தாள். பஸ் ஏறினாள்.

மறுவாரம் புத்தூரிலிருந்து போன். "மேடம், குபேர எழுத்து போடறது நீங்கதானாமே? நம்ம கடை கிழக்குப் பார்த்தது. சுரேஷ்பாபு வெளியவே மாட்டலாம்ன்னாரு."

"என்ன கடைங்க?"

"மெடிக்கல் ஸ்டோர்."



"கடைப் பேருக்கு மட்டும் போட்டுத் தர்றேன்," என்றாள். "மருந்துப் பேரு எதையும் இதுல எழுதக் கூடாது. அப்புறம்... ரோட்டைப் பார்த்துத்தானே மாட்டுவீங்க?"