ரோகிணியில் பிறந்த ஹார்டு டிஸ்க்

நாளை காலை ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வேண்டும். கேமரா கார்டு முழுக்கப் போன வாரக் கல்யாணம். அதை இறக்கி வைக்கப் புதிய ஹார்டு டிஸ்க் வாங்கிவந்து இன்று மாட்டினேன்.

அப்படி ஒன்று இருப்பதையே கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் மலையில் போன் சிக்னல் ரோட்டு வளைவில்தான் கிடைக்கும். என் மச்சான் அங்கே நின்று, டிஸ்க் விற்ற போளூர் கடைக்காரரிடம் பேசினான். அவன் கத்தியதை, நடுவில் சாமை காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா வாங்கி எனக்குக் கத்தினார்.

“கேபிள கழட்டி மாட்டணுமாம் தம்பி!”

“மாட்டிட்டேன்க்கா!”

“மாட்டிட்டாராம்டா! இன்னும் தெரிலயாம்!”

கடைசியில் மச்சான் கத்தினான்: “புது டிஸ்க்குக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து வெச்சாதான் கம்ப்யூட்டர் கண்டுக்குமாம்! இன்னா எழுத்து வெக்கலாம்?”

இதை அக்கா எனக்குக் கடத்தவில்லை. “எழுத்தா? வாங்கன அன்னிக்கி இன்னா நட்சத்திரம்னு கேளுடா!”

மச்சான் கேட்டான். கடைக்காரர் காலண்டரைப் பார்த்து ரோகிணி என்றார்.

“ரோகிணின்னா ஓ, வ, வி, வு. நீங்க டிஸ்க்குக்கு V வெச்சிடுங்க தம்பி!”

வைத்தேன். டிஸ்க் உடனே தெரிந்தது. கார்டு காலியாகிற நேரத்தில் வளைவில் நின்று இதை எழுதுகிறேன்.

E வைத்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்று கமென்ட் போடப்போகும் நண்பர்களுக்கு: எனக்கும் தெரியும். இங்கே வந்து, அக்காவுக்குக் கேட்கிற மாதிரி நீங்களே கத்திச் சொல்லுங்கள்.