கன்னம் ஒட்டிப்போனவள்

கணவர் இறந்த பிறகு என்னைப் பார்த்த எல்லோரும் "இப்படி எளைச்சிட்டியே" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள். எங்கள் குடியிருப்பின் காவலாளி, லிஃப்டில் வரும் மூன்றாம் மாடிக்காரர், கம்பெனி பஸ் ஓட்டுநர் வரை ஒருவரும் பாக்கியில்லை. இளைத்தது உண்மைதான். எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்குப் புதிதாகக் கொடுத்த மாத்திரை பசியைக் கெடுத்தது. கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வேண்டி வந்தது. இத்தனையும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, கேட்க அவர்களுக்கும் விருப்பம் இல்லை. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார்கள், புருஷனை நினைத்து உருகுகிறாள் என்று முடிவுகட்டிப் போனார்கள்.

எனக்கோ துக்கம் வரவேயில்லை. ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் அழவில்லை. காரியம் முடிந்தும் அழவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சோறு வடித்தேன், தூங்கினேன். உள்ளே எதுவும் அசையவில்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். என் அகத்தில் இல்லாததையெல்லாம் என் முகம் தன் பாட்டுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. படாத துக்கத்துக்கு ஆறுதல் வாங்கிக்கொள்வது திருடுவதைப் போல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகட்டில் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. விளக்கடியில் தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் உள்ள இடத்தில் நிழல் விழும். அந்த நிழலைத் தேடியே பழகிய கண், குளியலறைக் கண்ணாடியிலும் அதையேதான் தேடியது. வருஷத் திதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நசரத்பேட்டையில் அவருடைய சொந்தங்கள் அத்தனை பேரும் கூடுவார்கள். ஆளுக்கொரு முறை என் கன்னத்தைத் தடவி அழுவார்கள். நான் கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தபோதுதான், மண்ணூர்பேட்டைப் பக்கம் பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கும் தோல் கிளினிக்கின் படியேறினேன். யாரிடமும் சொல்லவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது; கன்னத்துப் பள்ளத்தையாவது மூடுவோம் என்று நினைத்தேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். பொறுமையாக விளக்கினார். "போடாக்ஸ் வேற, ஃபில்லர் வேற மேடம். போடாக்ஸ் தசையை அசையவிடாது. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். இது ஒரு ஜெல், நம்ம தோல்லயே இருக்கிற பொருள்தான். கொஞ்சம் கொஞ்சமா தானா கரைஞ்சிடும். அவசரம்னா உடனே கரைக்கவும் ஊசி இருக்கு." பிறகு குரலை இறக்கி ஒன்று சொன்னார். "ரொம்ப அபூர்வமா ஜெல் ரத்தக் குழாயை அடைச்சிடலாம். அடைச்சா அந்த இடத்துத் தோல் செத்துடும். தோல் வெளுத்தாலோ, வலை மாதிரி நீலமா கோடு வந்தாலோ, வலிச்சாலோ, எந்த நேரமானாலும் போன் பண்ணுங்க." நான் தலையாட்டினேன். வலி என்ற ஒரு சொல் மட்டும்தான் மனதில் நின்றது. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

முகத்தில் கிரீம் பூசி உட்கார வைத்தார்கள். சிறிது நேரம் கழித்து டாக்டர் விரலால் தட்டி, "மரத்திருச்சா? சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்" என்றார். கன்னங்களிலும், மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் கோடுகளிலும் ஊசி இறங்கியது. எதுவும் தெரியவில்லை. கண்ணாடியைக் கொடுத்தபோது, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கும் ஒருத்தி அதில் இருந்தாள். நல்ல பொம்பளைதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று பட்டது.

மறுநாள் இடது மூக்கோரம் வெளுத்திருந்தது. அதற்கு மறுநாள் சனிக்கிழமை, அங்கே கத்தரிக்காய் நிறத்தில் கோடுகளும் கடுகு கடுகாகச் சில கொப்புளங்களும் தெரிந்தன. வலியில்லை. அதனால் வீக்கம் வடிகிறது என்றே நம்பினேன். அன்றுதான் அண்ணி வந்தாள்.

அண்ணி என் கணவரின் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். குடும்பத்து நிலம் கல்லூரிக்கும் ரோட்டுக்கும் போன பிறகு, வேலப்பன்சாவடியில் மாணவர்களுக்கு டிபன் கடை நடத்துகிறாள். வட்ட முகம், தளதளவென்ற கன்னம், தெருமுனை வரை கேட்கும் குரல். திதிக்கு என்ன சமைப்பது என்று பேச வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ, இன்னாடி இது? அக்கி கீது! மூஞ்சியே உப்பிக்கினு கீதே!"

மறுக்க வாயைத் திறந்தேன். அவளே உப்பலுக்கும் ஒரு காரணம் கொடுத்துவிட்டாள் என்று தோன்றியதும் மூடிக்கொண்டேன். அந்தக் குடும்பத்தில் அக்கி வந்தால் டாக்டரிடம் போவதில்லை. மண்பாண்டம் செய்கிறவர் வீட்டுக்குப் போய், கொப்புளத்தின் மேல் காவியால் எழுதிக்கொண்டு வருவார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகளும் எழுதிக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். அண்ணி என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவை நிறுத்தினாள்.

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலைக்குப் பின்னால் அந்த வீடு. மண்பாண்டம் செய்யும் பெரியவர் கிண்ணத்தில் காவியைக் குழைத்துக் கோழி இறகைத் தோய்த்தார். "எழுதி முடிக்கிற வரிக்கும் பேசக் கூடாதும்மா" என்றார்.

"ரெண்டு பக்கமும் எழுதிடு நைனா. அந்தப் பக்கம் பரவாம இருக்கும்" என்றாள் அண்ணி.

வலது கன்னத்தில் இறகு பட்டதும் சில்லென்றது. காவி வழிந்து தாடைக்கு இறங்குவது வரை தெரிந்தது. பிறகு இடது பக்கம் குனிந்தார். அவர் கை அசைவதைக் கண் பார்த்தது. கன்னத்துக்கு எதுவும் வரவில்லை. இறகு இல்லை, ஈரம் இல்லை, குளிர்ச்சி இல்லை. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்ன மரப்பு அல்லவா இது? வலிக்காததால் ஒன்றுமில்லை என்று இருந்தேனே, வலிக்கக்கூட முடியாமல் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பயந்துபோனேன். அந்த ஒரு வருடத்தில் உள்ளே ஏதோ அசைந்தது அதுதான் முதல் முறை. தோல் செத்துக்கொண்டிருந்தது, அதன் மேல் காவி பூசி மறைத்துக்கொண்டிருந்தோம்.

வாயைத் திறந்தால் அண்ணி போவாள். மூடிக்கொண்டிருந்தால் முகம் போகும்.

"அண்ணி, இது அக்கி இல்ல" என்றேன். இறகு நின்றது. "கன்னம் ஒட்டிப்போச்சுன்னு ஊசி போட்டு நிரப்பிக்கிட்டேன். ரத்தக் குழாய் அடைச்சிருக்கு போல. உடனே போகணும்."

தம்பிக்கு வருஷத் திதி முடியவில்லை, அவன் பெண்டாட்டி கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அத்தனையும் இருந்தது. கன்னத்தில் ஓர் அறை விழும் என்று நினைத்தேன்.

"எந்த ஆசுபத்திரி?" என்றாள்.

ஆட்டோவில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து முந்தானையை நனைத்து, வழியெல்லாம் காவியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கிளினிக்கில் டாக்டர் மூக்கோரத்தை அழுத்தி அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏன் போன் பண்ணல? நேத்தே வந்திருக்கணும்" என்றார். "காப்பாத்திக் குடும்மா. எந்தம்பி பொண்டாட்டி" என்று அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

கரைக்கும் ஊசியை இடைவெளி விட்டு விட்டுப் போட்டார்கள். நடுநடுவே வெந்நீர்த் துணியால் ஒத்தடம். முதல் ஊசி தெரியவில்லை. அடுத்ததும் தெரியவில்லை. அதற்கடுத்தது மிளகாயைத் தேய்த்தது போல எரிந்தது. "எரியுதா? எரியட்டும், நல்லது" என்று டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். பெரும்பகுதி பிழைத்தது. மூக்கோரம் அரிசியளவு ஒரு வடு மட்டும் இன்றும் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உப்பியிருப்பது அசிங்கம் என்று வலது பக்கத்தையும் கரைத்துவிடச் சொன்னேன்.

அன்று அடுத்த ஊசிக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அண்ணி கேட்டாள். "இன்னாத்துக்குடி பண்ணிக்கின?"

இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. "பாக்கறவங்க எல்லாம் எளைச்சிட்டேன்னு அழறாங்க அண்ணி. எனக்கு அழுகையே வரல. ஒரு நாள்கூட வரல. அந்த ஆறுதல் எனக்குத் தாங்கல."

அவள் திட்டவில்லை. தன் தளதளத்த கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாள்.

"இது எங்கம்மா மூஞ்சி. பட்டினி கெடந்தாலும் வத்தாது. அவன் போனதுலேர்ந்து நான் ராவுல தூங்கி எந்திரிச்சது கெடையாது. கடையில மாவு கரைச்சிக்கினே அயுவேன். எல்லாரும் என்னாண்ட வந்து, 'அந்தப் பொண்ணு எளைச்சிப்போச்சே, பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. நீ ஒருத்தியாவது எம்மூஞ்சியப் பாத்தியா?"

உள்ளிருந்து நர்ஸ் என்னை அழைத்தார். கன்னம் எரிந்துகொண்டிருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. "சொல்லுங்க அண்ணி" என்றேன்.