ரோசாப் பூவுக்குப் பின்னால் ஸபீனா

ஜொவெலினைக் கண்டாலே ஸபீனாவுக்கு வயிறு பற்றி எரியும். நேரில் கண்டு வருடங்கள் ஆகின்றன, இப்போது காண்பதெல்லாம் கைபேசியில்தான். இருந்தும் எரியும். ஜொவெலின் மணிலாவில் நடிகை. ஸபீனா இலங்கையில், புத்தளம் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில் கடலுக்குப் போகும் ஹஸ்மியின் மனைவி, ஷஸ்னாவின் உம்மா, வெங்காயக் காலத்தில் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவள். ஒரு காலத்தில் இருவரும் குவைத்தில் ஒரே வீட்டுக் குசினியில் பாத்திரம் கழுவியவர்கள். எரியாமல் என்ன செய்யும்?

அதிலும், அவளைப் பிரபலமாக்கிய அந்தப் பகிடி நடிப்பு ஸபீனாவுடையது. குவைத் வீட்டுக்காரக் கிழவி, டிரைவர் வாங்கி வரும் மீனை வாலில் பிடித்துத் தூக்குவாள். செவுளைத் திறந்து மோந்து பார்ப்பாள், ஒரு கண்ணை மூடுவாள், அப்போதும் சந்தேகம் தீராமல் டிரைவரின் சட்டையையும் மோந்து பார்ப்பாள். பாத்திரம் துடைக்கும் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஸபீனா அதை அப்படியே செய்து காட்டினால், ஜொவெலின் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் கைபேசியில் வீடியோவும் எடுத்துவிட்டாள்.

தன்னைத் தானே பார்த்தபோது ஸபீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. குவைத்தில் அவள் ஊரை ஒட்டிய கற்பிட்டிப் பக்கத்து ஆட்கள் கொஞ்சமா? ஒருவன் கண்ணில் பட்டால் போதும், மஃரிப் தொழுகைக்குள் கதை ஊருக்கு வந்துவிடும். அழி என்றாள். அழித்த பிறகும் மனம் ஆறவில்லை. இருவருக்கும் பொதுவான உடைந்த அரபியில் சொன்னாள்: "வேணுமெண்டா நீ செய். என்ட மொகம், பேரு, ஊரு ஒண்டும் வெளிய வரப்படாது. இது அமானா." நம்பி ஒப்படைத்தது என்று அர்த்தம். ஜொவெலின் கழுத்துச் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் அரிசி டின்னில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஜொவெலினே கிழவியானாள். வளைகுடா நாட்டுக் குசினிகளில் நின்ற அவள் நாட்டுப் பெண்களெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் வீடுகளிலும் அப்படி ஒரு கிழவி இருந்திருப்பாள். அதன் பிறகு கிழமை தவறாமல் வீடியோ போட்டாள். ஊர் திரும்பியதும் ஓர் இளம் டைரக்டர், இணையத்தில் விடும் குறும்படம் ஒன்றுக்குக் கூப்பிட்டார். அதில் வேலைக்காரி. அடுத்து ஒரு தொடர் நாடகத்தில் இன்னொரு வேலைக்காரி, பிறகு கதாநாயகியின் தோழி, அதற்கும் பிறகு கதாநாயகியின் அக்கா. நடித்துக் களைத்தாலும் வீடியோ போடுவதை அவள் விடவில்லை, அதனால் படமில்லாத மாதங்களிலும் சனம் அவளை மறக்கவில்லை. இவ்வளவும் ஸபீனாவுக்கு மனப்பாடம். ஜொவெலினின் மூக்கு முன்பு இப்படி இல்லை என்பதும் தெரியும். அதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் மீன்கார ஜவாஹிர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். கூடி நின்ற பெண்களைப் பார்த்ததும் ஸபீனாவுக்குப் பழைய ஆசை வந்துவிட்டது. ஒரு பாரை மீனை வாலில் பிடித்துத் தூக்கினாள், செவுளை மோந்தாள், ஒரு கண்ணை மூடினாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மாமி, அந்த பிலிப்பைன் நடிகயப் பாத்தா பழகினீங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மருமகள் ஷிம்லா. "அவவப் போலயே ஈக்கிது!"

"அவதான்டி என்னப் பாத்துப் பழகினா!"

"ஓம் ஓம், அவட படத்துக்குக் கதை எழுதினதும் நீங்கதானே?"

ஜவாஹிர் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஷஸ்னாவும் சிரித்தாள், அதுதான் சுட்டது. தன் சொந்தப் பகிடியோடு கள்ளியைப் போல நிற்க வேண்டி வந்ததே! சாட்சிக்கு இருந்த ஒரே வீடியோவையும் தானே அழிக்கச் சொன்னவள் அவள். இனி ஜொவெலின் வாயால் வந்தால்தான் உண்டு. அவளுடைய இணையப் பக்கத்துக்குச் செய்திக்கு மேல் செய்தி அனுப்பினாள். ஆயிரம் ரசிகர்களுக்கு நடுவே அவற்றை யார் பார்ப்பது?

நேற்று அஸர் தொழுதுவிட்டு எழும்ப, ஷிம்லா கைபேசியும் கையுமாக ஓடி வந்தாள். ஜொவெலின் கதாநாயகியாக நடிக்கும் முதல் படம் வருகிறதாம், அந்த மீன் மோந்து பார்க்கும் கிழவியாகவேதானாம். ஜொவெலின் நேரலையில் இருந்தாள். ரசிகர்களின் பெயர்களை வாசித்து வாசித்து முத்தம் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கிழவி எங்கிருந்து வந்தாள் என்று யாரோ ஆங்கிலத்தில் கேட்டிருந்ததை ஷிம்லா வாசித்துச் சொன்னாள். ஜொவெலின் முத்தம் பறக்கவிடுவதை நிறுத்தினாள். தன் மொழியில் ஏதோ சொன்னாள், ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் கை கழுத்துச் சிலுவைக்குப் போனது. "அமானா" என்றாள்.

"என்ன மாமி சொல்றா?" என்று ஷிம்லா கேட்டாள்.

ஸபீனாவுக்கு விளங்கிவிட்டது. ஜொவெலின் திருடவில்லை. கொடுத்த வாக்கை இத்தனை காலமாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். திருடியிருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம், இந்தப் பாவி அதற்கும் வழி வைக்கவில்லை. பொறாமை குறைந்ததா என்றால், இல்லை. நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று இன்னும் கூடியது.

தன் கைபேசியை எடுத்து, அதே நேரலையில் உடைந்த அரபியை ஆங்கில எழுத்தில் அடித்தாள்: நான் ஸபீனா, இனி நீ சொல்லலாம். அனுப்பினாள். அவளுடைய கணக்கு ஷஸ்னா திறந்து கொடுத்தது. பெயர் 'புத்தளம் ரோஸ்', படம் ஒரு சிவப்பு ரோசாப் பூ. ஊரில் பாதிப் பெண்களுக்கு முகம் பூதான், மீதிப் பேருக்குக் குழந்தைப் படம். திரையில் மேலே ஓடிக்கொண்டிருந்த ரசிகர்களின் வரிகளில் ஜொவெலினின் கண் ஒரு கணம் நின்றது. ஸபீனா திரையருகே குனிந்தாள்.

"தேங்க் யூ, ரோஸ்!" என்றாள் ஜொவெலின். ஒரு முத்தம் பறந்து வந்தது. அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

"மாமி, ஒங்களுக்கு முத்தம் தந்துட்டா!" என்று ஷிம்லா துள்ளினாள்.

ஸபீனா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய தோட்டத்துப் பூவோ, முத்தம் அதற்குப் போய்விட்டது.

"ஷஸ்னா, இஞ்ச வா. இந்தப் பூவ எடுத்துட்டு என்ட மொகத்தப் போடு."

"உம்மா! வாப்பா ஏசுவாங்க."

"வாப்பாக்கு நான் சொல்லிக்கிறன். நீ எடு."

கதிரையை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். ஷஸ்னா கைபேசியை உயர்த்தினாள். ஷிம்லாவின் கையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்த ஜொவெலினை, அந்த மூக்கை, ஸபீனா கடைசியாக ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அவவ விட வடிவா வரணும்" என்றாள். "வராட்டி இன்னொண்டு எடு."